கிளினிக் தேதிக்கு முந்தின வாரம்: சீனி வியாதிக்காரருக்கும் கூடப் போகிற பிள்ளைகளுக்கும்

மலையகத்தில் அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போய் வந்தவர்களுக்கு இது தெரியும். விடிவதற்கு முன்னே எழும்பி, முதல் பஸ்ஸைப் பிடித்து, நம்பர் எடுத்து, நிறை பார்த்து, பிரஷர் பார்த்து, வாங்கில் மணிக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் டொக்டருக்கு முன்னால் உட்காரும்போது கிடைப்பது சில நிமிடங்கள்தான். வெளியே வரிசை நீண்டு கிடக்கும், அவரும் என்ன செய்வார். கிளினிக் கொப்பியைப் புரட்டுவார், ரிப்போர்ட்டைப் பார்ப்பார், "மாத்திரை ஒழுங்கா குடிக்கிறீங்களா?" என்று கேட்பார், நம்மவர்கள் "ஆமாங்க டொக்டர்" என்று தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். ஒரு நாள் பேரை (நாள் சம்பளத்தை) விட்டு, பஸ் காசு செலவழித்துப் போனதற்கு அது போதாது.

ஆகவே அந்த அறைக்குள் நடக்க வேண்டியதில் பெரும்பகுதியை வீட்டிலேயே செய்துவிட வேண்டும். அம்மா அப்பாவைத் தேயிலைத் தோட்டத்தில் விட்டுவிட்டு கொழும்பில் கடையிலோ கம்பனியிலோ வேலை செய்கிற பிள்ளைகளும் இதைப் போனிலேயே பேசிச் செய்யலாம்.

முதல் விஷயம், கிளினிக்குக்கு மூன்று நாள் இருக்கும்போது மட்டும் பத்தியம் இருக்காதீர்கள். நிறையப் பேர் இதைச் செய்கிறார்கள். மாதம் முழுக்கச் சீனி போட்டு பிளேன்டீ, மத்தியானம் கோதுமை மா ரொட்டி, கடைசி மூன்று நாள் மட்டும் பாவக்காயும் கீரையும். வெறும் வயிற்று ரிப்போர்ட் அழகாக வரும். டொக்டர் அதை நம்பி மாத்திரையை அப்படியே விட்டுவிடுவார், கண்ணும் சிறுநீரகமும் மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும். டொக்டர் எச்பிஏ1சி பரிசோதனை எழுதினால் இந்த மூன்று நாள் வேஷம் எடுபடாது, அது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. பொதுவாக அதை 7 சதவீதத்துக்குக் கீழே வைக்கப் பார்ப்பார்கள். வயதானவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் கொஞ்சம் தளர்த்தி வைப்பார்கள், அது டொக்டர் சொல்ல வேண்டிய கணக்கு.

எச்பிஏ1சிக்கு வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை இருந்தால் அந்த எண் உள்ளதைவிடக் கூடக் காட்டலாம். கொழுந்து எடுக்கிற நம் பெண்களில் இரத்தசோகை சாதாரணமாக இருக்கிறது. அதனால் களைப்பு, மூச்சு வாங்குதல் இருந்தாலோ, முன்பு இரத்தம் குறைவு என்று இரும்பு மாத்திரை தந்திருந்தாலோ, கிட்டடியில் இரத்தம் ஏற்றியிருந்தாலோ அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெறும் வயிற்றில் பார்க்கிற பரிசோதனைக்குக் குறைந்தது 8 மணித்தியாலம் எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம். சீனி போடாத பிளேன்டீயும் வேண்டாம். கொலஸ்ட்ரோலும் சேர்த்து எழுதியிருந்தால் எத்தனை மணித்தியாலம் என்று லேபில் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே இரண்டு சிக்கல் அடிக்கடி வருகிறது. ஒன்று, காலையில் எதுவும் வாயில் போடக்கூடாது என்று நினைத்துப் பிரஷர் மாத்திரையையும் விட்டுவிடுவார்கள், கிளினிக்கில் பிரஷர் ஏறி நிற்கும், டொக்டர் அதற்கும் மருந்தைக் கூட்டுவார். டொக்டர் வேறுமாதிரிச் சொல்லாவிட்டால் பிரஷர் மாத்திரையைத் தண்ணீரோடு போடலாம். இன்னொன்று இதற்கு நேர் எதிர். சீனி மாத்திரையைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறி, வரிசையில் நிற்கும்போதே தலை சுற்றி விழுவது. சீனி மாத்திரையைப் பையில் எடுத்துப் போங்கள், இரத்தம் கொடுத்த பிறகு சாப்பாட்டோடு போடுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் இரத்தம் எடுக்கிற நாள் காலையில் என்ன செய்வது என்று முந்தின கிளினிக்கிலேயே கேட்டு கொப்பியில் எழுதி வாங்கிவிடுங்கள். பார்சலும் கட்டாயம் கொண்டுபோங்கள், ஆஸ்பத்திரி வாசல் கடையில் கிடைப்பது பெரும்பாலும் பணிஸும் ரோல்ஸும்தான்.

வீட்டில் சீனி பார்க்கிற மெஷின் இருந்தால் நல்லது, ஆனால் ஸ்ட்ரிப் விலைக்குத் தினமும் பார்க்க எல்லோராலும் முடியாது. முடியாதவர்கள் கிளினிக்குக்கு முந்தின வாரத்தில் மூன்று நாளைத் தெரிந்தெடுங்கள், அதில் ஒன்று வேலை இல்லாத ஞாயிறாக இருக்கட்டும். அந்த நாட்களில் காலை சாப்பிடுவதற்கு முன் ஒரு தடவை, பெரிய சாப்பாடு எதுவோ அதன் முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணித்தியாலம் கழித்து ஒரு தடவை. எண்ணை மட்டும் எழுதாமல் பக்கத்திலேயே நேரத்தையும் சாப்பிட்டதையும் எழுதுங்கள். "மத்தியானம் ரொட்டி 2, சம்பல், பிளேன்டீ சீனி 2 கரண்டி, 2.30க்கு 243" என்று ஒரு வரி இருந்தால் டொக்டருக்கு அதுவே பாதிக் கதையைச் சொல்லிவிடும். பெரும்பாலானவர்களுக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை, சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் 180க்குக் கீழ் என்பதுதான் பார்க்கிற அளவு. சில லேப் ரிப்போர்ட்டில் எண் 7, 9 என்று சின்னதாக இருக்கும், அது வேறு அலகு (mmol/L). அதை 18ஆல் பெருக்கினால் நமக்குப் பழகின எண் வரும், 7 என்றால் 126. சின்ன எண்ணைப் பார்த்து சீனி இறங்கிவிட்டது என்று சந்தோஷப்பட்டு மாத்திரையைக் குறைத்துவிடாதீர்கள்.

கையைக் கழுவித் துடைத்த பிறகே விரலைக் குத்துங்கள். சீனியோ பழமோ தொட்ட விரல் என்றால் எண் பொய்யாக ஏறும். நுவரெலியா, கந்தப்பளை, அக்கரப்பத்தனைப் பக்கம் தை மாசி மாதக் காலைக் குளிரில் விரலில் இரத்தமே வராது, பல மெஷின்கள் 10 பாகைக்குக் கீழே சரியாக வேலையும் செய்யாது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் கையை நனைத்துத் துடைத்து, மெஷினையும் கொஞ்ச நேரம் போர்வைக்குள் வைத்திருந்து எடுத்துப் பாருங்கள்.

மருந்துப் பை

வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள், ஒன்றையும் ஒளிக்க வேண்டாம். கிளினிக்கில் தருகிற மாத்திரை பெரும்பாலும் சின்னக் கவரில் தனித்தனியாக வரும், எல்லாம் வெள்ளை, எல்லாம் வட்டம். அவசரத்துக்குப் பிரைவேட்டில் காட்டியபோது தந்தது அட்டையோடு பளபளப்பாக வேறு பெயரில் இருக்கும். இரண்டும் மெட்போர்மின் என்கிற ஒரே சீனி மாத்திரையாக இருக்கலாம். நோயாளி இரண்டையும் இரண்டு மருந்து என்று நினைத்து இரட்டிப்பு அளவு போட்டுக்கொண்டிருப்பார். கொப்பியை மட்டும் பார்க்கிற டொக்டருக்கு இது தெரியவே தெரியாது, பையை மேசையில் கொட்டினால்தான் தெரியும்.

வலி மாத்திரையையும் சேர்த்துப் போடுங்கள். கூடை சுமந்து இடுப்பும் முழங்காலும் தேய்ந்தவர்கள் கடையில் வாங்கி வாங்கிப் போடுகிற டைக்ளோபெனாக் மாதிரி மாத்திரைகள் சீனி வியாதிக்காரரின் சிறுநீரகத்துக்குக் கெடுதல். மூட்டுக்கும் வீசிங்குக்கும் போடுகிற ஸ்டீரோய்ட் ஊசி, மாத்திரை சீனியை ஏற்றிவிடும். நாட்டு மருந்தையும் சொல்லுங்கள். கொத்தல ஹிம்புட்டுக் கட்டையில் செய்த கோப்பையில் தண்ணீர் ஊற்றிக் குடிப்பது, தெபு இலை, பாவக்காய்ச் சாறு எல்லாம் நம் பக்கம் வழக்கத்தில் இருப்பவை. டொக்டர் திட்டுவார் என்று மறைக்க வேண்டாம், இவை மாத்திரையோடு சேர்ந்து சீனியைக் கூடுதலாக இறக்கிவிடலாம். சாராயமும் கசிப்பும் (கள்ளச்சாராயம்) அதே வரிசை. சாப்பிடாமல் குடித்துவிட்டுப் படுக்கிற ஆளுக்கு இரவில் சீனி இறங்கினால், போதையில் தூங்குகிறார் என்றே வீட்டார் நினைப்பார்கள்.

விட்டுப்போன மாத்திரைகளைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்போர்மின் வயிற்றைக் கலக்குகிறது, கொழுந்து எடுக்கிற மலையில் கழிப்பறை கிடையாது, அதனால் அம்மா வேலை நாளில் காலை மாத்திரையை விட்டுவிடுகிறார் என்று வைப்போம். இது நடக்காத தோட்டம் இல்லை. கிளினிக்கில் "ஒழுங்கா குடிக்கிறேன்" என்கிறார். சீனி கூடியிருக்கிறதே என்று டொக்டர் கிளிக்லசைட் என்கிற இன்னொரு சீனி மாத்திரையைக் கூட்டுகிறார். பிறகு ஒரு நாள் பிள்ளைகள் சத்தம் போட்டதில் எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட்டுவிட்டு மலை ஏறினால் பத்து மணிக்கெல்லாம் சீனி இறங்கி விழுகிறார். உண்மையைச் சொல்லியிருந்தால் டொக்டர் சாப்பாட்டுக்கு நடுவில் போடச் சொல்லியிருப்பார், அல்லது மெதுவாகக் கரைகிற வகைக்கு மாற்றியிருப்பார், அளவைக் கூட்டியிருக்கவே மாட்டார்.

நாளின் கணக்கு

டொக்டர் "காலைச் சாப்பாட்டுக்கு முன்" என்று எழுதும்போது ஏழெட்டு மணிக்கு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஒருவரைத்தான் மனதில் வைத்திருப்பார். நம் வீட்டில் ஐந்து மணிக்கு ஒரு பிளேன்டீ, பிரட்டுக்கு (வேலைக்குப் பேர் பதிகிற இடத்துக்கு) போகிற அவசரத்தில் சாப்பாடு கிடையாது, பத்து மணிக்கு மலையிலேயே ரொட்டி. அதனால் ஒரு துண்டுத் தாளில் எழும்புகிற நேரம், டீக் குடிக்கிற நேரங்கள், சாப்பாட்டு நேரங்கள், மலையில் நிற்கிற நேரம், மாத்திரை போடுகிற நேரம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போங்கள். பெக்டரியில் இரவு ஷிப்ட் செய்கிறவர்கள் அதையும் எழுத வேண்டும்.

எத்தனை பிளேன்டீ, ஒன்றுக்கு எத்தனை கரண்டி சீனி என்பதையும் கூச்சமில்லாமல் எழுதுங்கள். ஐந்து கோப்பைக்கு இரண்டு கரண்டி வீதம் என்றால் பத்துத் தேக்கரண்டி, அதாவது 40 கிராமுக்கு மேல். சுகதேகிகளே நாளுக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சாப்பாட்டுப் பேச்சு வரும்போது "ரொட்டி சாப்பிடாதீங்க" என்று ஒரே வரியில் முடிக்க விடாதீர்கள். "வீட்டில் மாதான் இருக்கு, எத்தனை ரொட்டி சாப்பிடலாம், கூட என்ன சேர்க்கலாம்?" என்று கேளுங்கள். ஒன்றைக் குறைத்து பருப்போ முட்டையோ லீக்ஸ் போஞ்சியோ கூட்டுங்கள் என்று சொன்னால் அதைச் செய்ய முடியும்.

சீனி இறங்கின அனுபவம் இருந்தால் எத்தனை தடவை, எந்த நேரத்தில் என்று அதே தாளில் எழுதுங்கள். திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி, பேச்சுத் தடுமாற்றம், இவைதான் அறிகுறி. எண் 70க்குக் கீழ் என்றால் இறக்கம். மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் உட்கார்ந்து, சரியாகவில்லை என்றால் மறுபடியும் குடித்து, பிறகு சாப்பாடு சாப்பிட வேண்டும். மலைக்குப் போகிறவர்கள் அந்தச் சீனியைப் பொலித்தீனில் முடிந்து இடுப்பில் வைத்திருக்கட்டும், பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிறவருக்கும் கங்காணிக்கும் சொல்லி வைக்கட்டும். நினைவு இல்லாதவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அது இலவசம்.

கால்

காலைக் காட்டாமல் கிளினிக்கிலிருந்து வராதீர்கள். நாள்பட்ட சீனி நரம்பைக் கெடுத்துவிட்டால் பாதத்தில் உணர்வு குறைந்துபோகும், நம் வேலைக்கும் காலநிலைக்கும் அது மிகவும் ஆபத்து. மழை நாளில் அட்டை கடித்து இரத்தம் ஓடுவதும் தெரியாது, கவ்வாத்து வெட்டின மிலாறுக் குச்சி செருப்பைத் தாண்டிக் குத்தியதும் தெரியாது, ஈரச் சப்பாத்துக்குள் விரலிடுக்கு வெந்து புண்ணாவதும் தெரியாது. இரவில் குளிருக்கு அடுப்படியில் காலை நீட்டி உட்காருகிறவர்கள் தோல் சுட்டுப்போனதைக் காலையில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் அறிவார்கள். சுடுதண்ணீரில் கால் வைப்பதும் அப்படித்தான், சூடு பார்க்க முழங்கையைத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் வேறு ஒருவர் பார்க்கட்டும்.

முதல் நாள் இரவு வெளிச்சத்தில் இரண்டு பாதத்தையும் பாருங்கள். அடிப்பாதம் தெரியாவிட்டால் முகம் பார்க்கிற கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்பு, ஆணி, நிறம் மாறின இடம், நகத்தோரத்துச் சிவப்பு எது இருந்தாலும் போனில் படம் எடுத்து வையுங்கள். கிளினிக் அன்று லேசாகக் கழற்றக் கூடிய செருப்போடு போய், "டொக்டர், கால் கொஞ்சம் பாருங்க" என்று நீங்களே கேளுங்கள். நைலோன் நூல் மாதிரி ஒன்றைப் பாதத்தில் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், வலிக்காது, வருடத்துக்கு ஒரு தடவையாவது அது நடக்க வேண்டும். புண் கறுத்தாலோ நாற்றம் எடுத்தாலோ, கால் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ கிளினிக் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போக வேண்டும்.

மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி விரதம் இருக்கிறவர்கள், தீ மிதிக்கிறவர்கள் அதைத் திருவிழாவுக்கு முந்தின கிளினிக்கிலேயே சொல்லிவிடுங்கள். விரத நாட்களுக்கு மருந்து நேரத்தை மாற்றித் தருவார்கள். பாதத்தில் உணர்வு இல்லாதவர் தீ மிதிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து, நேர்த்தியை வேறு விதத்தில் செலுத்தலாம், ஆத்தா கோபிக்க மாட்டாள். சிவனொளிபாதமலை ஏற நினைப்பவர்களும் முன்கூட்டியே கேளுங்கள், அத்தனை படி ஏறும்போது சீனி கிடுகிடுவென்று இறங்கலாம்.

பேச்சு

மொழி ஒரு பெரிய தடைதான். 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது, ஆனாலும் அறைக்குள் இருக்கிற டொக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அந்த நேரத்தில் சட்டம் வந்து பேசாது. சிங்களம் தெரிந்த பிள்ளையோ பக்கத்து வீட்டுக்காரரோ கூடப் போகலாம். முடியாவிட்டால் முக்கியமான மூன்று விஷயத்தைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ யாரையாவது எழுதித் தரச் சொல்லி கொப்பிக்குள் வையுங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் கேட்டாலும் எழுதித் தருவார்கள், பள்ளிக்கூடத்து ஆசிரியரும் எழுதித் தருவார். "கக்குல் ஹிரிவெட்டெனவா" என்றால் கால் மரத்துப்போகிறது, "சீனி அடு உனா" என்றால் சீனி இறங்கியது, "துவாலயக் தியெனவா" என்றால் புண் இருக்கிறது. இவ்வளவு வந்தாலே டொக்டர் காலைப் பார்ப்பார்.

கூச்சமான விஷயங்களும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். பெண்களுக்கு வருகிற அரிப்பும் வெள்ளைப்படுதலும், ஆண்களுக்கு வருகிற தாம்பத்தியக் குறையும் சீனியால் வரக் கூடியவைதான், டொக்டருக்கு இவை புதிதல்ல. பிள்ளை முன்னால் சொல்ல முடியாவிட்டால் பிள்ளையை வெளியே நிற்கச் சொல்லுங்கள். கூடப் போகிற பிள்ளைகளும் அம்மாவைப் பேச விடுங்கள், எல்லாக் கேள்விக்கும் நீங்களே பதில் சொல்லிக்கொண்டிருந்தால் அம்மா மனதில் இருப்பது வெளியே வராது.

கேள்வி மூன்றுக்கு மேல் வேண்டாம், முக்கியமானதை முதலில் கேளுங்கள். என்ன கேட்பது என்று தெரியாதவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்: வாந்தி, வயிற்றோட்டம், காய்ச்சல் வந்து சாப்பிட முடியாத நாளில் எந்த மருந்தை நிறுத்துவது, எதை நிறுத்தக் கூடாது? இன்சுலினைத் தாங்களாகவே நிறுத்துவது ஆபத்து, அதனால் இந்தப் பதில் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் ஊசி போடுகிற இடத்தையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரே இடத்தில் போட்டுப் போட்டுக் கட்டியானால் மருந்து சரியாகச் சேராது. பிறகு கண்ணும் சிறுநீரும். கண் விழித்திரையையும், சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் வருடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும், கடைசியாகப் பார்த்த தேதி கொப்பியில் இல்லையென்றால் நீங்களே ஞாபகப்படுத்துங்கள். பார்வை நன்றாகத்தானே இருக்கிறது என்று விட வேண்டாம், ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. கண்ணுக்கு மருந்து விட்டுப் பார்க்கிற நாளில் சில மணித்தியாலம் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும், லயத்துக்கு இறங்குகிற படியில் தனியாக இறங்கக் கூடாது, கட்டாயம் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

அறையை விட்டு வெளியே வந்ததும் பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். மருந்து கொடுக்கிற இடத்தில் ஒவ்வொரு கவரையும் காட்டி, எது காலை, எது இரவு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்டு அங்கேயே தமிழில் எழுதுங்கள். எழுத்துத் தெரியாத பாட்டிக்குக் கவரில் ஒரு சூரியனும் ஒரு நிலாவும் கீறிக் கொடுத்தால் போதும், மாறாது. ஏதாவது மருந்து இல்லை, வெளியில் வாங்குங்கள் என்றால் உடனே பெயரைத் தெளிவாக எழுதி வாங்கி அரசாங்க மருந்துக் கடையான ஒசுசலவில் விலை கேளுங்கள். வாங்க முடியாத விலை என்றால் திரும்பிப் போய் வேறு எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள், வாங்காமல் சும்மா இருந்துவிடாதீர்கள். வேலைக்குக் காட்டத் துண்டு தேவையென்றால் அதையும் அப்போதே வாங்குங்கள். கொப்பியின் அன்றைய பக்கத்தையும் ரிப்போர்ட்டையும் போனில் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுங்கள், மழையில் நனைந்து கொப்பி கரைந்தாலும் அது இருக்கும். அப்புறம் அடுத்த தேதியைக் கலண்டரில் பாருங்கள். அது போயா (பௌர்ணமி விடுமுறை) நாளாக இருந்தால் கிளினிக் எந்த நாளுக்கு மாறும் என்று அங்கேயே நர்ஸ் மிஸ்ஸிடம் கேட்டு, அதுவரைக்கும் மாத்திரை போதுமா என்று எண்ணிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.